வேலூர்க் கோட்டையும் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும்

பிஸ்மிஹி தஆலா

 

ஹம்து ஸலவாத்திற்குப் பின், இவ்வாண்டு மலருக்கு வரலாறு சம்பந்தமாக ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகக் கமிட்டியினர் நம்மைப் பணித்தனர். வரலாறு என்றவுடன் ஸ்பெயினையும் பக்தாதையும் எழுதிவிடுவது எளிது. அவற்றை நம் மலர்களில் பல முறை படித்தாயிற்று. ஆகவே நமக்கு வெகு அருகில் நிகழ்ந்த ஒன்றையும், அது நம் பிள்ளைகளின் கைகளில் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதையும் எழுத விரும்புகிறோம்.

நமது மஹல்லாவில் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இரண்டு விதமான வரலாற்று நூல்கள் இருக்கின்றன. ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளிலும் விமானப்படை நிலையத்திலும் பணிபுரிவோரின் பிள்ளைகள் பலர் கேந்திரிய வித்யாலயாக்களில் மத்தியப் பாடத்திட்டம் படிக்கின்றனர். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள் பெரும்பாலும் மாநிலப் பாடத்திட்டம் படிக்கின்றனர். மாநிலப் பாடநூலில் 1806ஆம் ஆண்டின் வேலூர்ப் புரட்சி தனித் தலைப்போடு விரிவாக இடம்பெறுகிறது. மத்தியப் பாடத்திட்டத்தில் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த 8ஆம் வகுப்பு நூலிலோ, மக்கள் கிளர்ச்சி என்றாலே 1857தான். மீரட், டெல்லி, லக்னோ, கான்பூர், ஜான்சி என்று பாடம் வடக்கேயே சுற்றி வருகிறது. மாலையில் இவ்விரு சாராரும் மக்தபில் ஒரே பாயில் அமர்கின்றனர். வெள்ளையரை எதிர்த்த முதல் புரட்சி எது என்று தத்தம் புத்தகத்தைக் காட்டி அவர்கள் வாதிடுவதை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டிருக்கிறோம்.

இரண்டு நூல்களிலும் பொய் எழுதப்படவில்லை. எழுதியவர் எங்கே நின்று பார்த்தார், எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய விஷயமன்று. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால் அதன் வாசகத்தை ஆராயும்போதே, அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்தவர்களா என்று ஸனதையும் ஆராய்வார்கள். அறிவிப்பாளரின் குறை நிறைகளை எடைபோடுவதற்கென்றே ஜரஹ் தஃதீல் என்னும் தனிக் கலையை நம் முன்னோர்கள் வளர்த்தார்கள். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது ஆயத்து கட்டளையிடுகிறது. துனிஸ் நகரில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன் அவர்கள் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், சரித்திர ஆசிரியர்கள் தவறிழைப்பதற்கான காரணங்களை அடுக்கும்போது, ஒரு கட்சியின்பால் கொண்ட சார்பை முன்வரிசையில் வைக்கிறார்கள். நபி மூஸா (அலை) அவர்களுடன் ஆறு இலட்சம் படைவீரர்கள் இருந்ததாக அல்மஸ்ஊதி போன்றோர் எழுதியிருப்பதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் அந்த நிலப்பரப்பில் அணிவகுத்து நிற்கவாவது இயலுமா என்று கேட்கிறார்கள். பெரிய இமாம் எழுதிவிட்டார் என்பதற்காகக் கணக்கு சரியாகிவிடாது என்பது அவர்களின் நிலைப்பாடு.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வேலூருக்குச் செல்வோம். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலை நம் பூந்தமல்லி வழியாகச் செல்வது. இன்றும் அதற்கு ட்ரங்க் ரோடு என்றே பெயர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வந்து இப்பகுதியில் குடியேறிய குடும்பங்களும் பல. ஆகவே அது நமக்கு அந்நிய ஊர் அன்று.

முதலில், எவரும் மறுக்காத செய்திகளை மட்டும் சொல்கிறோம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் ஷஹீதானார்கள். (ஷஹீத் என்று நாம் எழுதும்போதே நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. ஆங்கிலேயர் 'கொல்லப்பட்டார்' என்று எழுதுவர்.) அவர்களின் மக்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டைக்குள் அரண்மனைக் காவலில் வைக்கப்பட்டனர். 1805 நவம்பரில் கம்பெனியின் சென்னைப் படைக்குப் புதிய வடிவில் ஒரு தலைப்பாகை அறிவிக்கப்பட்டது. பார்வைக்கு அது வெள்ளையரின் தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோலாலான பகுதியும் இருந்தது. அடுத்த ஆண்டு வெளியான நிலையாணைகளில் மேலும் ஒரு விதி சேர்ந்தது. அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும், நெற்றியில் சமயக்குறி இடக் கூடாது, காதில் கடுக்கன் அணியக் கூடாது.

1806 மே மாதம் வேலூரில் இருந்த ஒரு பட்டாளத்தின் சிப்பாய்கள் இத்தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். 21 பேர் சென்னைக்கு அனுப்பப்பட்டு இராணுவ விசாரணைக்கு உள்ளாயினர். அவர்களில் பத்துப் பேர் முஸ்லிம்கள், பதினொருவர் இந்துக்கள். ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. மற்ற பத்தொன்பது பேருக்கு 500 கசையடி விதிக்கப்பட்டு, மன்னிப்புக் கோரியதால் அது விடப்பட்டது. ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குக் கோட்டைக்குள் நிகாஹ் நடைபெற்றது. அன்றிரவு கழிந்து, 10ஆம் தேதி விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். வெள்ளையர் 69ஆம் படைப்பிரிவின் குடியிருப்பு தாக்கப்பட்டது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உள்ளிட்ட 14 அதிகாரிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களும் மாண்டனர். மைசூர்க் கொடி கோட்டையில் ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். பீரங்கியால் கதவைத் தகர்த்து, முற்பகலுக்குள் கோட்டையைத் திரும்பப் பிடித்தார். அதன்பின் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். எத்தனை பேர்? சுமார் 350 என்பது ஒரு கணக்கு, 800 என்பது வேறொரு கணக்கு. மாண்ட வெள்ளை அதிகாரிகள் இன்னார் இன்னார் என்று பெயர் சொல்ல முடிகிறது. சிப்பாய்களின் எண்ணிக்கையிலோ நூற்றுக்கணக்கில் வித்தியாசம் இருக்கிறது. யார் எண்ணினார்கள், யாரை எண்ணத் தகுந்தவராகக் கருதினார்கள் என்பது இதிலேயே புலப்படுகிறது.

இனி அறிவிப்பாளர்களைப் பார்ப்போம்.

முதலாவது, கம்பெனி அமைத்த விசாரணைக் குழு. தலைப்பாகை முதலான ஆணைகள் ஒரு காரணம், திப்புவின் குடும்பத்தார் அங்கே இருந்தது மற்றொரு காரணம் என்று அக்குழு இரண்டையும் சொன்னது. அவ்விரண்டில் எதைப் பெரிதாக்குவது என்பதில்தான் சண்டை தொடங்கியது. தலைப்பாகையே காரணம் என்றால் ஆணையிட்டவர்கள் குற்றவாளிகள். திப்பு மக்களின் சதியே காரணம் என்றால் ஆணையிட்டவர்கள் தப்பினர். படைத்தளபதி சர் ஜான் கிரடாக், கவர்னர் வில்லியம் பெண்டிங்க் இருவருமே 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர். தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாக இயக்குநர் அவைக்கு பெண்டிங்க் எழுதிய விண்ணப்பம் 1810இல் அச்சேறியது. இதே பெண்டிங்க்தான் பின்னாளில் கவர்னர் ஜெனரலாகி, 1829இல் சதியை ஒழித்தவர் என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பெண்டிங்க். ஒரு பாடத்தில் சீர்திருத்தவாதி, இன்னொரு பாடத்தில் சிப்பாயின் தாடியில் கைவைத்த நிர்வாகத்தின் தலைவர். இரண்டு பாடங்களையும் சேர்த்துப் படித்த பிள்ளை அரிது.

இரண்டாவது, இலண்டன் துண்டுப் பிரசுரக்காரர்கள். வேலூரைக் கண்ணாலும் காணாத பலர் அங்கே வேலூரைப் பற்றி எழுதிக் குவித்தனர். கம்பெனி ஆட்சிப் பகுதியில் கிறிஸ்தவ மிஷனரிகளை அனுமதிக்கலாமா என்பதுதான் அவர்களின் உண்மையான வழக்கு. இந்தியரின் மத விஷயத்தில் கைவைத்தால் ஆபத்து என்று தாமஸ் ட்வைனிங் 1807இல் எழுதினார். வேலூர் அவருக்குச் சான்று. மிஷனரிகளை ஆதரித்தோர், வேலூரில் மிஷனரி எவரும் இல்லையே, சதி செய்தது திப்புவின் கூட்டம் என்று பதில் எழுதினர். 1813இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது மிஷனரிகளுக்கு வழி திறந்தது, வழக்கும் ஓய்ந்தது. மாண்ட சிப்பாயைப் பற்றி இவ்விரு கட்சியாருக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது, கண்ணால் கண்டவர்கள். தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி தம் குழந்தைகளுடன் மறைந்திருந்து உயிர் தப்பியதை எழுதிவைத்தார். கணவனை இழந்த ஒரு பெண்ணின் அச்சமும் கண்ணீரும் அதில் இருக்கின்றன. அதைப் பொய் என்று யார் சொல்ல முடியும்? கோட்டையைத் திரும்பப் பிடித்தபோது உடனிருந்த பொறியியல் அதிகாரி பிளாக்கிஸ்டன் 1829இல் தம் நினைவுகளை வெளியிட்டார். அரண்மனைக்குள் புகுந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்தி, பீரங்கியால் சுட்டு முடித்ததை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். அதை நியாயம் என்றே கருதியதையும் ஒளிக்காமல் சொல்கிறார். ஜரஹ் தஃதீல் பாஷையில் சொன்னால் இவர் 'தம் கட்சிக்குப் பாதகமானதையும் அறிவிக்கும்' அறிவிப்பாளர். இத்தகையோரின் சொல்லுக்குக் கனம் அதிகம். சிப்பாயின்பால் அவருக்குக் கடுகளவு இரக்கமும் இல்லை என்பது வேறு விஷயம்.

நான்காவதாக, சிப்பாய்கள். இவர்களிடமிருந்து நமக்கு ஒரு கடிதமோ ஒரு நாட்குறிப்போ வந்து சேரவில்லை. அவர்கள் பேசியதாக நாம் படிப்பதெல்லாம் விசாரணையின்போது அளித்த வாக்குமூலங்களே. கேட்டவர் எதிரி, எழுதியவர் எதிரியின் எழுத்தர், பேசியது ஒரு மொழி, பதிவானது வேறு மொழி. பதில் சொல்பவரின் கண்ணெதிரே தோழர்கள் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டிருக்கின்றனர். இந்நிலையில் ஒருவர் 'திப்புவின் மகன் தூண்டினார்' என்று சொன்னாலும், 'எனக்கொன்றும் தெரியாது' என்று சொன்னாலும், அந்த வார்த்தையை எவ்வளவு எடை போடுவது? நிர்ப்பந்தத்தின் கீழ் பெற்ற வாக்குமூலத்தை எந்தக் காழியும் ஏற்கமாட்டார். ஆயினும் வேலூர் வரலாற்றின் பெரும்பகுதி இந்த வாக்குமூலங்களின் மீதுதான் நிற்கிறது. வேறு வழியும் இல்லை.

பெயரிலும் இந்த வேறுபாடு தொடர்ந்தது. ஆங்கிலேயர் 'மியூட்டினி' என்றனர். படையின் ஒழுங்கை மீறிய குற்றத்திற்கு அது பெயர். தமிழில் அது 'சிப்பாய்க் கலகம்' ஆயிற்று. கலகம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் செய்தவன் மீது பழி விழுந்துவிடுகிறது. பிறகு கிளர்ச்சி என்றனர், இப்போது புரட்சி என்கின்றனர். பெருமாள் சின்னையன் அவர்கள் 1982இல் வேலூரைப் பற்றி எழுதிய ஆங்கில நூலின் துணைத்தலைப்பிலேயே இது வெள்ளையரை எதிர்த்த முதல் எழுச்சி என்று அறிவித்தார். மதுரைப் பேராசிரியர் கே. ராஜய்யன் 1971இலேயே, 1800-1801இல் மருது சகோதரர்கள் முதலானோர் நடத்திய போரை முதல் விடுதலைப் போர் என்று எழுதியிருந்தார். பேராசிரியர் கா.அ. மணிக்குமார் இருநூறாம் ஆண்டையொட்டி வேலூர் குறித்துத் தனி நூல் எழுதினார். 2006இல் இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. வேலூரில் மக்கான் பகுதியில் நினைவுத் தூண் நிற்கிறது. வெள்ளை வீரர்களின் கல்லறைகள் அங்கே அதற்கு வெகு காலம் முன்பிருந்தே உள்ளன.

'முதல்' என்ற பட்டத்திற்கு இத்தனை போட்டி ஏன்? சாவர்க்கர் 1909இல் 1857ஐ முதல் சுதந்திரப் போர் என்ற கருத்தில் நூல் எழுதினார். நாடெங்கும் அது நிலைபெற்றது. அதில் தென்னாட்டாருக்கு இடமில்லாமற் போயிற்று. விடுதலைக்கு நாங்கள் பின்னால் வந்தவர்கள் அல்லர் என்று சொல்லத் தமிழறிஞர்கள் 1806ஐயும் 1801ஐயும் எடுத்துவைத்தனர். இந்த ஆதங்கம் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். ஐம்பத்தோராண்டுகள் முன்னதாக நடந்ததைக் குறிப்பிடாமல் ஒரு பாடநூல் 1857ஐத் தொடங்கினால், அது எழுதியவரின் ஊரைக் காட்டுகிறதே தவிர வரலாற்றைக் காட்டவில்லை. ஆயினும் வேலூர்ச் சிப்பாய்கள் ஏற்றியது மைசூர்க் கொடி. அவர்கள் திரும்பக் கொண்டுவர விரும்பியது திப்புவின் மகனுடைய ஆட்சி. இன்று நாம் 'தேசம்' என்று சொல்வதை அவர்கள் நாவில் வைப்பது, நம் காலத்து ஆடையை அவர்களுக்கு அணிவிப்பதாகும். தலைப்பாகை மாற்றத்தால்தானே அவர்கள் கோபமுற்றார்கள்! நாமும் அதையே செய்ய வேண்டாம்.

இதுவரை மற்றவர்களைப் பேசினோம். நம் மேடைகளில் வேலூர் எப்படிச் சொல்லப்படுகிறது? 'முஸ்லிம்களின் புரட்சி' என்றும், தாடிக்காக எழுந்த போராட்டம் என்றும் சில இடங்களில் பேசப்படுகிறது. தாடிக்காகவும்தான். ஆனால் அந்த விதியில் நெற்றிக்குறியும் கடுக்கனும் இருக்கின்றன. 900 கசையடியை முஸ்லிமின் முதுகும் இந்துவின் முதுகும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. பத்தும் பதினொன்றும் என்ற எண்ணிக்கையை மேடையில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் சொல்வதால் நமது பங்கு குறைந்தும் போகாது. மறுபுறம், திப்புவின் மக்களையும் முஸ்லிம் சுபேதார்களையும் ஒதுக்கிவிட்டு, தலைப்பாகை பிடிக்காத சிப்பாய்களின் சச்சரவு என்று சுருக்குவோரும் உண்டு. அதுவும் கத்தரிக்கோல் வேலைதான்.

முஸ்தஃபா பேக் என்றொரு சிப்பாய் இருந்தார். எழுச்சிக்குச் சில வாரங்கள் முன்பே, ஜூன் மாதத்தில், தம் மேலதிகாரியிடம் சென்று சதி நடப்பதாகச் சொன்னவர் இவர். அதிகாரி அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்களில் சிலருக்கு விஷயத்தில் பங்கு இருந்தது. ஆகவே இவன் பைத்தியம் என்று சொல்லி முஸ்தஃபா பேக்கை அடைத்துவைத்தனர். எல்லாம் முடிந்தபின் கம்பெனி அவருக்குப் பெரும் பரிசும் ஓய்வூதியமும் வழங்கியது. ஆங்கிலேயர் நூல்களில் இவர் 'விசுவாசி', நம் நூல்களில் 'துரோகி'. ஒரே மனிதர், ஒரே செயல். அவர் ஏன் சொன்னார்? பணத்துக்கா, அச்சத்திலா, செய்துகொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றவா? அதை அவர் நமக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவரை எந்த வார்த்தையால் அழைக்கலாம் என்று பெரிய பிள்ளைகளிடம் கேட்டால், வகுப்பு முடியும் நேரமாகியும் விவாதம் முடிவதில்லை.

நமக்குப் பெருமை தரும் கதையில் நியாயமாக இருப்பது ஓரளவு எளிது. பெருமையும் வேதனையும் கலந்த கதையில்தான் சோதனை இருக்கிறது. அத்தகைய கதை வேலூரைவிட நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது.

1780 ஜூலையில் ஹைதர் அலீ அவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையுடன் மைசூரிலிருந்து கணவாய் இறங்கிக் கர்நாடகத்துக்குள், அதாவது ஆற்காட்டு நவாபின் சீமைக்குள், வந்தார்கள். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஹைதரும் இளவல் திப்புவும் சேர்ந்து கர்னல் பெய்லியின் படையை அடியோடு முறியடித்தனர். மைசூர் ராக்கெட்டுகள் வெள்ளையரை நிலைகுலையச் செய்தன. காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்குச் செல்லாமல், தம் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கித் திரும்பினார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்ட தோல்விகளில் மிகக் கொடியது என்று அவர்களே எழுதினர். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தவ்லத் மாளிகைச் சுவரில் இப்போர் பெரிய வண்ணச் சித்திரமாக இருக்கிறது. பல்லக்கில் பெய்லி அமர்ந்திருக்க, வெடிமருந்து வண்டி எரிய, மைசூர்க் குதிரைகள் நாற்புறமும் சூழ்கின்றன. பின்னாளில் ஆங்கிலேயரே அதற்கு வண்ணம் பூசிப் புதுப்பித்தனர் என்பது ஒரு விந்தை.

இடையில் ஒரு சிறு செய்தி. இதே புள்ளலூரில் தன் பகைவரை அழித்ததாக மகேந்திரவர்ம பல்லவனைப் பற்றிக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. சாளுக்கியரின் அய்ஹொளெ கல்வெட்டோ, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்ததாகப் பாடுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பும் நிலைமை இதுதான் போலும்!

புள்ளலூர் வெற்றியை நாம் மகிழ்ந்து சொல்கிறோம். ஆனால் ஹைதரின் குதிரைப்படை ஆங்கிலேயருக்கு உணவும் தீவனமும் கிடைக்கக் கூடாதென்று வழியிலிருந்த கிராமங்களை எரித்தது. சென்னைப் புறநகர் வரை மக்கள் மாடு கன்றுகளை விட்டுவிட்டுக் கோட்டையை நோக்கி ஓடினர். 1782இல் சென்னையில் கடும் பஞ்சம். வந்து குவிந்த அகதிகளுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட இடம்தான் மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய சென்னைவாசிகள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைத்தது இதனால்தான். ஓடிய குடியானவருக்கு ஹைதர் வெள்ளையரை எதிர்த்த வீரர் அல்லர். விளைந்த பயிரைக் கொளுத்தியவர். அவர் அப்படி நினைத்ததில் என்ன குற்றம்?

அதே அழிவை எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று ஆங்கிலப் பாராளுமன்றத்தில் உள்ளம் உருகும்படி விவரித்தார். ஆனால் அவர் குற்றக்கூண்டில் நிறுத்தியது ஹைதரை அன்று. நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்து நாட்டை உறிஞ்சிய கம்பெனி ஊழியர்களை, குறிப்பாகப் பால் பென்ஃபீல்டு போன்ற கடன்காரர்களை நிறுத்தினார். எரிந்த கிராமம் ஒன்றே. அதைக் காட்டிக் குற்றம் சாட்டப்பட்டவர் மாறிவிட்டார்.

இப்போரை 'இஸ்லாமிய ஆட்சிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்' என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஹைதர் படையெடுத்தது நவாப் முஹம்மத் அலீ வாலாஜாவின் நாட்டின் மீது. அவர் ஆங்கிலேயரின் நண்பர். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் அவர்தம் குடும்பத்தின் ஸதக்கா. ஹைதர், திப்பு இருவரிடமும் பெரும் பொறுப்பு வகித்த பூர்ணையா பிராமணர். இரு தரப்பாருக்கும் பார்ஸி மொழியில் வரலாறு எழுதப்பட்டது. நவாபின் பக்கத்தில் புர்ஹான் இப்னு ஹஸன் 'துஜுகெ வாலாஜாஹி' எழுதினார். அதில் நியாயமெல்லாம் நவாபின் பக்கம். மைசூர்ப் பக்கத்தில் மீர் ஹுஸைன் அலீ கிர்மானி 'நிஷானெ ஹைதரி' எழுதினார்; அதில் நாயகர்கள் ஹைதரும் திப்புவும். இருவரும் முஸ்லிம்கள், ஒரே மொழி, ஒரே கல்வி மரபு. எனினும் உப்புப் போட்ட கை வேறு. புர்ஹானின் நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக 1934இலும் 1939இலும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் டாக்டர் எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார் அவர்கள். நம் சமுதாயத்தில் இப்பெயரை அறிந்தோர் இன்று எத்தனை பேர் என்பது வருத்தத்திற்குரியது. 1990இல் தூர்தர்ஷனில் வந்த திப்புத் தொடரை அறியாத வீடு இல்லை. அது ஒரு நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. கற்பனை என்று தொடக்கத்தில் எழுத்தும் போட்டார்கள். ஆனாலும் நம்மில் பலருடைய திப்பு அந்தத் தொடரிலிருந்து வந்தவர்தான்.

2023இல் மத்தியப் பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகள் பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டபோது நாம் வேதனையுற்றோம். கர்நாடக அரசு 2015இல் தொடங்கிய திப்பு ஜயந்தி விழா 2019இல் நிறுத்தப்பட்டபோதும் அப்படியே. இந்த வேதனையில் நியாயம் இருக்கிறது. ஒரு பெரும் காலத்தை ஏட்டிலிருந்து கிழித்துவிட்டு நாட்டின் கதையைச் சொல்ல இயலாது. இதை எங்கும் எடுத்துரைப்போம். ஆனால் 1780இன் கிராமங்களை நம் மேடைகள் விட்டுவிடும்போது, விட்டுவிடுபவர் நாம் என்பதால் அது வேறாகிவிடுமா? நமக்கோ நம் பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதியின் மீது நிலைத்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற ஸூரத்துன் னிஸாவின் 135ஆவது ஆயத்தை வழக்குகளுக்கு மட்டும் ஓதி, வரலாற்றுக்கு விலக்களிக்க நமக்கு அதிகாரம் இல்லை.

நிர்வாகக் கமிட்டியாரின் இசைவோடு, ரமளான் விடுமுறைக்குப்பின் ஷவ்வாலில் மக்தப் திறக்கும்போது, 8ஆம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் ஆண், பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ளுஹருக்குப் பின் ஒரு மணி நேரம் வரலாற்று வகுப்பு நடைபெற இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் பள்ளிப் பாடநூலை, அது எந்தத் திட்டமாயினும், எடுத்து வர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்போம். முதல் பாடம் வேலூர், இரண்டாவது புள்ளலூர். ஒரு பிள்ளை தளபதியின் மனைவியாகவும், ஒரு பிள்ளை கசையடி பட்ட சிப்பாயாகவும், ஒரு பிள்ளை முஸ்தஃபா பேக்காகவும், ஒரு பிள்ளை காஞ்சிப் பக்கத்திலிருந்து ஓடிவந்த குடியானவனாகவும் பேச வேண்டும். மறுவாரம் இடம் மாறி, முன்பு எதிர்த்துப் பேசியவருக்காகப் பேச வேண்டும்.

வடஆற்காட்டு ஊர்களைப் பூர்வீகமாகக் கொண்ட பெரியவர்கள், தத்தம் குடும்பத்தில் வேலூரைப் பற்றியும் ஹைதர் காலத்தைப் பற்றியும் செவிவழியாகக் கேட்டவை இருப்பின், உர்தூவிலோ தமிழிலோ வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். சொல்லும்போது, அதை யாரிடமிருந்து கேட்டீர்கள், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதுவார்கள்.